இடது முன்சக்கரம்

மகன், உனக்கும் மருமகளுக்கும் என் ஸலாம். மத்தியானம் லுஹருக்கு முன் நீங்கள் உக்குவளையிலிருந்து வந்து இறங்குவீர்கள். கராஜ் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து "கார் எங்கே உம்மா?" என்று நீ கேட்பாய். உம்மா இந்தக் கடிதத்தைத்தான் தருவாள். அவளைப் போட்டுக் குடையாதே, அவளுக்கும் பாதிதான் தெரியும். நீ கொழும்பில் படித்த மூன்று வருடத்தில் நான் உனக்கு எழுதியது இரண்டே தபாலட்டை. இரண்டிலும் நாங்கள் சுகம், நீ சுகமா என்பதற்கு மேல் ஒன்றும் இருந்திருக்காது. அப்படிப்பட்டவன் சுபஹு தொழுதுவிட்டு வந்து, கிரீஸ் படிந்த மேசையைத் துடைத்து, உன் பழைய கொப்பியில் தாள் கிழித்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்குப் பல்லேகமவில் மருந்து கலக்கிற டிஸ்பென்சர் வேலை என்று கடிதம் வந்த அன்று மாத்தளைத் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பள்ளிவாசலில் கேட்காதவர்களிடமும் சொன்னேன். மருமகளும் கூட வருகிறாள், அவளுக்கு ஏழாம் மாதம் என்று நீ சொன்ன பிறகுதான் என் வாய் மூடியது. பல்லேகமவுக்குக் காலையில் ஒரு பஸ். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஒன்பதாம் மாதம் அவளை உக்குவளையில் அவள் உம்மா வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறாய். பிள்ளை நாள் பார்த்துக்கொண்டா வரும்? அங்கே வைத்து வலி எடுத்தால் அவளை ஏற்றிக்கொண்டு இலுக்கும்புர வழியாக மலை ஏறி, ரிவஸ்டன் மேட்டைத் தாண்டி, ரத்தோட்டை இறங்கி, மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். அதற்கு நம்மிடம் இருப்பது இந்தக் கிழட்டுக் கார் ஒன்றுதான். கார் இல்லாமல் உங்களை அனுப்பப் பயம். காரோடு அனுப்பவும் பயம். ஒரு மாதமாக இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து புழுங்குகிறேன். உம்மா நான் மெலிந்துவிட்டேன் என்று ஆட்டுக்கால் சூப் வைக்கிறாள்.

உனக்குக் கார் ஓட்டத் தெரியும், ஆனால் காருக்குக் கீழே படுத்துப் பார்க்கிற பழக்கம் உனக்கு இல்லை. அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். இந்தக் காரின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு உருக்குத் தண்டில் நிற்கிறது. கிங் பின் என்போம். அந்தத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். ஒரு போல்ட்டை நட்டுக்குள் முறுக்குகிற மாதிரி, அந்த மரை கீழே ஒரு இரும்புக் கட்டைக்குள் முறுகி நிற்கும். நீ ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கட்டைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். காரின் முன்பாரம் முழுவதும் தொங்குவது அந்த நாலு விரல் மரையில்தான். உள்ளே கிரீஸ் இருக்கும்வரை நாற்பது வருடம் ஓடும். காய்ந்துவிட்டால் மரையை மரை தின்னும். வெளியில் ஒன்றும் தெரியாது. எப்போதாவது ஒரு வளைவில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் தண்டு கட்டையை விட்டுக் கழன்று, சக்கரம் மட்காட்டுக்குக் கீழே படுத்துவிடும். அந்தச் சக்கரம் சமதரையில் படுக்கலாம், பள்ளத்தின் ஓரத்திலும் படுக்கலாம்.

நீ காரைக் கேட்ட அன்றே ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். வலப்பக்கம் கொஞ்சம் ஆடியது. இடப்பக்கம் உன் சின்ன வயசுப் பல் மாதிரி ஆடியது. நம் நாட்டில் எல்லாக் காருக்கும் இடப்பக்கம்தான் முதலில் தேயும். ஓரத்துக் குழி எல்லாம் இடது சக்கரத்தின் தலையில்தானே விழுகிறது. மருமகள் உட்காரப்போவதும் அந்தச் சக்கரத்துக்கு மேலேதான்.

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன இந்தக் காலத்தில் முன்பக்கச் சாமான் தேடுவது சீனி தேடுவதைவிடக் கஷ்டம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். வலப்பக்கத் தண்டு எண்ணெய்த் தாள் சுற்றியபடி புதிதாகவே கிடைத்தது. இடது யாரிடமும் இல்லை. எல்லாருக்கும் இடதுதானே தேய்ந்திருக்கும், அதனால் இடது எப்போதோ முடிந்துபோயிருந்தது. வலதை இடதில் போடவும் முடியாது. வலப்பக்க மரை ஒரு திசையில் சுற்றும், இடப்பக்க மரை அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். புஷ், ரப்பர், கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இடது தண்டு மட்டும் சேரவில்லை.

கடைசியில் தேய்ந்த தண்டையே எடுத்துக்கொண்டு லேத்துக்காரன் அந்தோனியிடம் போனேன். இருபத்தைந்து வருடப் பழக்கம், சொந்த அண்ணனைப் போல என்னை நானா என்றுதான் கூப்பிடுவான். நத்தாருக்கு அவன் வீட்டுக் கேக் நம் வீட்டுக்கு வரும், பெருநாளுக்கு நம் வட்டிலப்பம் அங்கே போகும். மரையில் வெல்டிங் வைத்து நிரப்பி, திரும்ப வெட்டிக் கொடு என்றேன். அவன் தண்டைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான்.

"யாருக்கு நானா?"

"மகனுக்கு. பல்லேகமவுக்குப் போறார். பொஞ்சாதிக்கு ஏழு மாசம்."

"அப்ப நான் செய்யமாட்டேன். ஒட்டின உருக்கு எந்த இடத்துல வெடிக்கும்னு எனக்கே தெரியாது. நீங்க கொண்டுபோய்ப் பூட்டிருவீங்க, நான்ல தூங்காம கெடக்கணும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் லேத் உன்னிடம் மட்டும்தானா இருக்கிறது என்று கத்தினேன். அவன் அசையவில்லை. மெல்லமாக, "உங்க தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்களேன். வில்கமுவ பக்கம் அவருக்குத் தெரியாத இரும்பு இல்லையாம்" என்றான். நான் தண்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தோனி சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரியாமல், வில்கமுவவிலிருந்து நெல் ஏற்றி வந்த டிரக்டர்க்காரன் ஒருவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

இனி நான் எழுதப்போவதை எழுதத்தான் பயம், மகன். உன் சாச்சாவை, என் தம்பியைப் பற்றியது. உனக்கு அவனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் சொல்லித் தெரிந்தது. கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவன், உன்னைக் கொல்லப் பார்த்தவன், காலையும் ஒடித்துக்கொண்டு வில்கமுவவுக்குப் போய் டிரக்டர் திருத்திக்கொண்டு கிடப்பவன். உன் புருவத்துக்கு மேல் உள்ள தழும்பைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவன் ஞாபகம்தான் உனக்கு வரும். உன் நிக்காஹ் அழைப்பு எழுதும்போது, "சாச்சாவுக்குத் தேவையில்லை வாப்பா" என்றாய். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். 

எங்கள் கராஜில் ஒரு வழக்கம் இருந்தது. கிரீஸ் ஏற்றி முடித்த நிப்பிளின் தலையில் ஒரு விரல் கிரீஸ் தடவி விடுவோம். புழுதி உள்ளே போகாது என்பது ஒன்று. இன்னொன்று, அதைப் பார்த்தால் இது முடிந்தது என்று மற்றவனுக்குத் தெரியும், அவன் அடுத்ததுக்குப் போய்விடுவான். பேச்சே தேவையில்லை. நானும் சாச்சாவும் பத்து வருடம் அப்படித்தான் வேலை செய்தோம்.

உனக்கு ஆறு வயது. நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாள். இதே காரை அப்போது வாடகை ஹயருக்கு விட்டிருந்தோம், சாச்சாதான் ஓட்டுவான். அன்று பின்னேரம் காருக்குக் கீழே படுத்துக் கிரீஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் கீழ் நிப்பிள் வயல் சேறு காய்ந்து அடைத்துப் போயிருந்தது. எவ்வளவு அழுத்தியும் கிரீஸ் உள்ளே போகவில்லை. அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, திரும்பப் பூட்டக் கால் மணி நேரம் போதும். நோன்பு திறக்க நேரம் நெருங்கிவிட்டது. நாக்கு ஒட்டிக்கிடந்தது, தலை சுற்றியது. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு, கை போகிற போக்கில் அந்த நிப்பிளின் தலையிலும் ஒரு விரல் கிரீஸ் தடவிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனேன்.

மறுநாள் மறந்தேன் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். நான் மறக்கவில்லை. பெருநாள் வேலை குவிந்து கிடந்தது. அடுத்த தடவை கிரீஸ் ஏற்றும்போதும் அதே அடைப்பு, அதே விரல். அதற்கடுத்த தடவை அடைப்பை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை, விரல் தானாகப் போய்விட்டது. கிரீஸ் மினுங்குவதைப் பார்த்துச் சாச்சா அந்தப் பக்கம் கையே வைக்கவில்லை. நானா தடவியிருக்கிறார் என்றால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம் இலுக்கும்புரவில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. நீ அழுது அடம்பிடித்து அவனோடு போயிருந்தாய், முன்சீட்டில் இருந்தாய். ரிவஸ்டனுக்குக் கீழே ஒரு வளைவில் சக்கரம் படுத்துவிட்டது. கார் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு மைல்கல்லில் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரியும். செய்தி வந்து நான் லொறி பிடித்து அங்கே போய் இறங்கியபோது சாச்சா ரோட்டில் கிடந்தான். முழங்கால் சிதைந்திருந்தது. உன்னைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான், உன் இரத்தம் அவன் சட்டை முழுவதும். "புள்ளக்கி ஒண்டுமில்ல நானா, நெத்தி மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் மயங்கினான். அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்த அன்று பிடித்த பயம் இன்றுவரை என்னை விடவில்லை. அதற்குப் பிறகு நான் ரத்தோட்டைக்கு அப்பால் கார் ஓட்டியதே இல்லை.

கட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்த துரு. எனக்கு உடனே புரிந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம், ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாச்சாவுக்கு அப்போது பெண் பேசி முடித்திருந்தது. பெண்ணின் வாப்பா கராஜுக்கே வந்து, "உள்ளதச் செல்லுங்க. ஓட்டம் எப்படி?" என்று கேட்டார். கராஜில் ஆட்கள் நின்றார்கள், திருத்தக் கொடுத்தவர்கள். "கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டுவான்" என்று என் வாயால் சொன்னேன். கழுதை வாய். அந்தப் பேச்சு அதோடு முறிந்தது. முழங்காலும் மடங்காமல் போயிற்று. ஆறு மாதத்தில் அவன் வில்கமுவ பஸ் ஏறிவிட்டான். அவன் வேகமாக ஓட்டுகிறவன் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், உனக்குச் சொன்னேன், உம்மாவுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது.

முந்தாநாள் காலை கராஜ் கதவைத் திறக்கிறேன், வாசலில் அவன் நிற்கிறான். தாடி நரைத்துவிட்டது. தோளில் ஒரு சாக்கு. ஸலாம் சொன்னான். என் கையிலிருந்த பூட்டுக் கீழே விழுந்தது. அவன் சாக்கை அவிழ்த்து மேசையில் கொட்டினான். இடது தண்டு, கீழ்க்கட்டை, அவற்றைத் தாங்கும் இரண்டு கை, எல்லாம் ஒரே காரிலிருந்து எடுத்த முழு செட்.

"ரிட்டயர் ஆன ஓவசியர் ஒருத்தர்ட கார். ஷெட்டுல நிண்டது. யானை வந்து பின்பக்கத்தத்தான் மிதிச்சீக்கி, முன்பக்கம் நல்லா ஈக்கி" என்றான். "நெறைய ஓடாத கார், நானா. மரையப் பாருங்க."

நான் மரையைப் பார்த்தேன். புதிது போல இருந்தது. ஆனாலும் என் பயம் சும்மா விடுமா? யானை மிதித்த அதிர்ச்சியில் எங்கேயாவது மயிரளவு கீறல் விழுந்திருந்தால்? தண்டை ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். துடைத்துக் காயவைத்து, சோக்கட்டியை அரைத்து மேலே பூசினோம். கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு காட்டும். இரண்டு பேரும் ஸ்டூலைப் போட்டு அதன் முன்னே உட்கார்ந்திருந்தோம். நீ பிறக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் பார்த்தோம், கோடு எதுவும் வரவில்லை. நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினோம், சத்தம் சுத்தமாக வந்தது. எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. திரும்பவும் பூசச் சொன்னேன். "நானா, இனிப் பூசினா சோக்கட்டிதான் முடியும்" என்றான். அவ்வளவு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

நேற்றுப் பூட்டினோம். நான் கீழே படுத்திருந்தேன். அவனுக்குக் கால் மடங்காது, அதனால் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தான். மரையை அடிவரை ஏற்றி, சக்கரம் இரண்டு பக்கமும் முட்டாமல் திரும்பும் அளவுக்குத் திரும்ப இளக்கிவிட்டேன். மேலே புஷ், ரப்பர், ஊசி எல்லாம் பூட்டியாயிற்று. அப்போது அவன் கேட்டான்.

"கீழ் நிப்பிளக் கழட்டிக் கழுவினீங்களா, நானா?"

"இண்டைக்குக் கழுவினேன்" என்றேன். காருக்குக் கீழே இருந்ததால் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் வாய் வந்தது என்று நினைக்கிறேன். "அண்டைக்குத்தான் கழுவல்ல. சும்மா விரல் வெச்சேன்."

 "தெரியும்" என்றான். "ரோட்டுல கெடக்கக்குள்ளயே பாத்தேன். மேல கிரீஸ், உள்ளுக்குத் துரு."

"ஏன்டா செல்லல்ல?"

"செல்லியிருந்தா உங்க கராஜுக்கு ஆரு கார் கொண்டுவாரது? உம்மா, வாப்பா, நீங்க, மதனி, புள்ள. எல்லாரும் அதுலதானே சாப்பிட்டோம்." ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அதெல்லாம் சரி நானா. ஆனா அந்தப் பொண்ணுட வாப்பாக்கிட்ட நான் வேகமெண்டு நீங்க செல்லுவீங்கெண்டு நெனக்கல்ல. அதத்தான் எனக்கு இன்னும் தாங்க ஏலாம ஈக்கி."

நான் காருக்குக் கீழேயே கிடந்து அழுதேன், மகன். அறுபது வயதில், முகமெல்லாம் எண்ணெயும் மண்ணுமாக. வெளியே வரவே பயமாக இருந்தது. மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிரீஸ் கன்னை எடுத்து என் கையில் தந்தான், அவ்வளவுதான். பழைய கறுப்பு முழுவதும் வெளியே வந்து, புதுக் கிரீஸ் நான்கு பக்கமும் பிதுங்கும்வரை ஏற்றினேன்.

நீ மருந்து கலக்கிறவன். ஒரு சொட்டு கூடினால் விஷம் என்று எனக்கே பாடம் எடுப்பாய். மருந்துப் போத்தலில் மேலே ஒட்டியதைப் பார்த்து நம்பாதே, திறந்து பார். காரிலும் அப்படியே. கிரீஸ் ஏற்றியாயிற்று என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், துணியால் துடைத்துவிட்டு உன் கையால் ஏற்று. மாதம் ஒருமுறை ஜாக்கி வைத்து ஆட்டிப் பார். 'டொக்' என்று கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்து, மழையோ வெயிலோ, மருமகள் திட்டினாலும் நிறுத்து. தப்பு ஒன்று செய்துவிட்டால் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. இரண்டாவது நாள் சொல்வது கஷ்டம், மூன்றாவது நாள் சொல்லவே வராது. இதற்கு நான்தான் சாட்சி.

இவ்வளவும் செய்த பிறகும் என் பயம் போகவில்லை. கண்ணை மூடினால் அந்த மைல்கல். மரை நல்லது என்று அறிவு சொல்கிறது, மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. கராஜைச் சுற்றி ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது, அந்த மலையில் இறங்கி ஏறினால்தான் தெரியும். அதை முதன்முதலில் பார்ப்பது மருமகளும் அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையுமாக இருக்கக் கூடாது. அதனால் கடிதத்தை முடித்ததும் நான் காரை எடுக்கிறேன். பல்லேகமவ வரை போய் அங்கே காரைத் திருப்பி, ஓரத்துக் குழி ஒன்றையும் விடாமல் இடது சக்கரத்தை இறக்கிக்கொண்டு வருவேன். ஓட்டப்போவது நான். "தனியப் போக விடமாட்டேன்" என்று சாச்சா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான், இறங்கச் சொன்னால் கேட்கிறான் இல்லை. காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதுகிறேன், பாதியில் தப்பித் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன். பயந்தாங்கொள்ளி என்று நீ சிரித்தால் சிரி.

பின்னேரம் அஸருக்குள் நாங்கள் வராவிட்டால் அந்தோனியைக் கூட்டிக்கொண்டு ரிவஸ்டன் பக்கம் வா. அங்கே என்ன கண்டாலும் ஒன்றை மட்டும் எல்லாரிடமும் சத்தமாகச் சொல்லு: பூட்டியது என் வாப்பா, ஓட்டியதும் என் வாப்பா. சாச்சா பெயரை இன்னொரு தடவை யாரும் அதில் இழுக்க விடாதே.

அல்லாஹ்வின் கிருபையால் வந்துவிட்டோமென்றால், என்னிடம் வராதே. கார் நின்றதும் இடப்பக்கத்துக்குப் போய்க் கதவைத் திற. அவனுக்கு முழங்கால் மடங்காது, தனியாக இறங்க முடியாது. கை கொடு.